புள்ளி மறைந்த பிறகும் தாமிர மருந்தை ஏன் நிறுத்தக் கூடாது?

அடுத்த கேள்வி. கடல்நீர்த் தொட்டி வைத்திருக்கும் நண்பர் ஒருவர் கேட்டிருக்கிறார். "என் டாங் மீனுக்கும் இரண்டு கோமாளி மீன்களுக்கும் வெள்ளைப்புள்ளி வந்தது. தனித் தொட்டிக்கு மாற்றித் தாமிர மருந்து போட்டேன். ஐந்தாம் நாளே புள்ளிகள் எல்லாம் மறைந்துவிட்டன. மருந்தை நிறுத்தி, மீன்களைப் பழைய தொட்டியில் விட்டேன். இரண்டு வாரத்தில் முன்பைவிட அதிகமாக வந்துவிட்டது. மருந்து போலியா? பெரிய தொட்டியிலேயே நேரடியாக ஊற்றிவிடலாமா?"

முதலில் இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது அவசரம். ஊற்றாதீர்கள். மருந்துப் புட்டி கையில் இருந்தால் கீழே வைத்துவிடுங்கள். பவளம், இறால், நத்தை, நட்சத்திர மீன் எல்லாவற்றுக்கும் தாமிரம் விஷம். அதோடு, தொட்டியில் உள்ள பாறையும் பவள மணலும் சுண்ணாம்புப் பொருள். அவை தாமிரத்தை உறிஞ்சிக்கொள்ளும். நோய் தீரும் அளவுக்கு நீரில் தாமிரமும் நிற்காது, உறிஞ்சிய தாமிரம் பல மாதம் கழித்துக் கசிந்து வரவும் கூடும். பவளம் வளர்க்கும் எண்ணம் இருப்பவர் அந்தத் தொட்டிக்குள் தாமிரத்தைக் கொண்டுவரவே கூடாது.

இப்போது முதல் கேள்வி. உங்கள் மருந்து போலி என்று எனக்குத் தோன்றவில்லை. ஐந்தாம் நாள் புள்ளி மறைந்தது மருந்தால் அல்ல. மருந்தே போடாமல் இருந்திருந்தாலும் ஏறக்குறைய அதே நாளில் மறைந்திருக்கும். இதைப் புரிந்துகொள்ள அந்த ஒட்டுண்ணியின் வாழ்க்கையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

கடல்மீனின் வெள்ளைப்புள்ளிக்குக் காரணமான உயிரியின் பெயர் கிரிப்டோகாரியான் இரிட்டன்ஸ். உப்புக்கல் ஒட்டியதுபோல நீங்கள் பார்க்கும் புள்ளி, மீனின் மேல்தோலுக்கு அடியில் புகுந்து தின்றுகொண்டிருக்கும் பருவம். மூன்று முதல் ஏழு நாள் வரை அங்கே இருக்கும். வயிறு நிறைந்ததும் தானாகவே மீனை விட்டு இறங்கி, தரையிலோ சுவரிலோ ஒட்டி, தன்னைச் சுற்றி ஓடு கட்டிக்கொள்ளும். உள்ளே ஒன்று பலவாகப் பிரியும். பிறகு ஓடு உடைந்து, நூற்றுக்கணக்கான குஞ்சுகள் நீந்திக்கொண்டு வெளியே வரும். அவற்றுக்கு ஒன்றிரண்டு நாள்தான் அவகாசம். அதற்குள் ஒரு மீன் கிடைக்காவிட்டால் செத்துவிடும்.

தாமிரம் எந்தப் பருவத்தைக் கொல்கிறது தெரியுமா? கடைசியாகச் சொன்னேனே, அந்த நீந்தும் பருவத்தை மட்டும்தான். தோலுக்கு அடியில் இருப்பதை எட்டாது, ஓட்டுக்குள் இருப்பதையும் தொடாது. ஓட்டுக்குள் இருப்பவையும் ஒரே நாளில் வெளியே வருவதில்லை. பெரும்பாலானவை 3 முதல் 28 நாட்களுக்குள் வெளிவரும். அரிதாகச் சில 72 நாள் வரைகூடக் காத்திருந்திருக்கின்றன. ஆகவே நீங்கள் ஐந்தாம் நாள் பார்த்தது, அவை இறங்கிப் போன காட்சி. மீன் சுத்தமாகத் தெரிந்தது, தொட்டியின் தரையில் அடுத்த தலைமுறை வளர்ந்துகொண்டிருந்தது. அது போதாதென்று, பழைய தொட்டியிலும் ஏற்கெனவே ஓடுகள் காத்திருந்தன. மீனைத் திரும்பவும் அங்கேயே விட்டீர்கள். மீண்டும் வராமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம்.

அதனால் நான் எல்லோரிடமும் சொல்வது: சிகிச்சை நாட்களில் மீனைப் பார்த்து முடிவு எடுக்காதீர்கள், சோதனை எண்ணைப் பார்த்து எடுங்கள். தாமிரத்தின் அளவு தொடர்ந்து 30 நாள், ஒரு நாள்கூடக் கீழே இறங்காமல் நிற்க வேண்டும். பதினெட்டாம் நாள் அளவு குறைந்து, அன்று இரவு பார்த்து ஓடு ஒன்று உடைந்தால், உங்கள் பதினெட்டு நாள் உழைப்பும் வீண். அளவு இறங்கியது தெரிந்தால் சரிசெய்துவிட்டு, அன்றிலிருந்து மீண்டும் முதல் நாள் என்று எண்ணுங்கள். கசப்பாகத்தான் இருக்கும், வேறு வழியில்லை.

எந்த அளவு? இங்கேதான் மீன்கள் அநியாயமாகச் சாகின்றன. தாமிர மருந்து எல்லாம் ஒன்றல்ல. காப்பர் பவர், காப்பர்சேஃப் போன்றவை பிணைக்கப்பட்ட தாமிரம், அதாவது வேறொரு வேதிப்பொருளோடு சேர்த்துக் கட்டிய தாமிரம். அவற்றை லிட்டருக்கு 1.5 முதல் 2.5 மில்லிகிராம், அதாவது 1.5 முதல் 2.5 பிபிஎம் என்ற அளவில் வைப்பார்கள். கியூப்ரமின் என்ற இன்னொரு தாமிர மருந்துக்கு 0.5 பிபிஎம். வெறும் காப்பர் சல்பேட்டுக்கு அதைவிடவும் குறைவு, சுமார் 0.2. யாரோ "இரண்டு பிபிஎம் வை" என்று சொன்னதைக் கேட்டு, கையில் எந்த மருந்து இருக்கிறது என்று பார்க்காமல் ஊற்றினால், நான்கு மடங்கு, பத்து மடங்கு போய்விடும். புட்டியின் மேல் எழுதியிருப்பதைப் படியுங்கள். டெஸ்ட் கிட்டும் அந்த வகைத் தாமிரத்தை அளக்கக்கூடியதா என்று பாருங்கள். நிறத்தை அட்டையோடு ஒப்பிடும் கிட்டில் 1.5க்கும் 2க்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பது கஷ்டம். குழாயை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு, "இந்த நீலமா, அந்த நீலமா" என்று நானும் திண்டாடியிருக்கிறேன். எண்ணாகக் காட்டும் ஹன்னா நிறுவனத்தின் உயர் அளவுக் கருவி 0 முதல் 5 பிபிஎம் வரை அளக்கும். பிணைக்கப்பட்ட தாமிரம் பயன்படுத்துபவருக்கு அதுதான் நிம்மதி.

தண்ணீரின் கொள்ளளவைக் கண்ணால் மதிப்பிடாதீர்கள். நீளம் 75 சென்டிமீட்டர், அகலம் 30, தண்ணீர் நிற்கும் உயரம் 36 என்றால், மூன்றையும் பெருக்கி ஆயிரத்தால் வகுங்கள், 81 லிட்டர். தொட்டியின் உயரத்தை எடுக்கக் கூடாது, தண்ணீரின் உயரத்தை எடுக்க வேண்டும். ஒரே நாளில் முழு அளவையும் ஊற்றாமல் இரண்டு நாளில் ஏற்றுங்கள். மீன் சாப்பிடுகிறதா, மூச்சு வேகமாகிறதா என்று பார்த்துக்கொண்டே ஏற்றுங்கள். குறிப்பாகக் குட்டை ஏஞ்சல் வகைகளுக்கும் சில ராஸ் மீன்களுக்கும் தாமிரம் அவ்வளவாக ஒத்துக்கொள்ளாது. திருக்கை, சுறா வகைகளுக்குத் தாமிரமே வேண்டாம்.

நான் செய்த ஒரு தவற்றையும் சொல்கிறேன். மணலில் புதைந்து தூங்கும் ராஸ் ஒன்றைத் தனித் தொட்டியில் வைத்திருந்தேன். பாவம், தூங்க இடமில்லாமல் மூலையில் ஒடுங்கிக் கிடக்கிறதே என்று ஒரு கிண்ணத்தில் கைப்பிடிப் பவள மணல் வைத்தேன். மறுநாள் காலை சோதித்தால் தாமிரம் இறங்கியிருந்தது. மீண்டும் ஏற்றினேன், மீண்டும் இறங்கியது. மூன்றாம் நாள்தான் கிண்ணம் நினைவுக்கு வந்தது. அந்த மாதிரி மீனுக்கு மணல் வேண்டுமென்றால் சிலிக்கா மணல் வையுங்கள். மற்றபடி வெறும் தொட்டி, ஒளிந்துகொள்ளப் பிளாஸ்டிக் குழாய்த் துண்டுகள், பஞ்சு ஃபில்டர், காற்றுக்கல், ஹீட்டர் போதும். ஆக்டிவேட்டட் கார்பன் இருந்தால் எடுத்துவிடுங்கள், அது மருந்தை உறிஞ்சும். அம்மோனியாவைக் கட்டுப்படுத்தும் திரவங்களையும் தாமிரத்தோடு கலக்காதீர்கள். அவற்றில் சில தாமிரத்தை இன்னும் கொடிய வடிவத்துக்கு மாற்றிவிடும். அம்மோனியா ஏறினால் தண்ணீர் மாற்றுவதுதான் வழி.

தண்ணீர் மாற்றும்போது, புதிய கடல்நீரில் அதே அளவு மருந்தைக் கலந்துவிட்டுத்தான் ஊற்ற வேண்டும். ஆவியாகிக் குறைந்த நீருக்கு மட்டும் வெறும் நன்னீர், மருந்து கூடாது. நீர்தான் ஆவியாகும், தாமிரம் ஆவியாகாது. இதைக் கவனிக்காமல் தினமும் கொஞ்சம் மருந்தும் சேர்த்து ஊற்றியவர்கள் மீனை இழந்திருக்கிறார்கள்.

இன்னொன்றையும் பாருங்கள். விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்து மீனின் மேல் அடியுங்கள். தனித்தனி உப்புக்கல்லாக இல்லாமல், மஞ்சள் பொடி தூவியதுபோல மங்கலாக மின்னினால் அது வெல்வெட் என்ற வேறொரு நோய். அலை எழுப்பும் பம்பின் முன்னால் போய் மீன் முகத்தை நீட்டிக்கொண்டு நிற்பதும் அதன் அடையாளம். செவுளை முதலில் தாக்கும், இரண்டு மூன்று நாளில் கொன்றுவிடும். அதற்கும் தாமிரம்தான் மருந்து, ஆனால் நாளை பார்க்கலாம் என்று விடக் கூடாது. கோமாளி மீனின் தோல் வழவழவென்று சளிபோல உரிந்தால் அது புரூக்ளினெல்லா என்ற வேறொரு ஒட்டுண்ணி, அதற்குத் தாமிரம் பயன்படாது. தோல், செவுள் தட்டைப்புழுக்களுக்கும் பயன்படாது, அவற்றுக்குப் பிராசிகுவான்டெல் என்ற மருந்து.

சரி, இப்போது நீங்கள் செய்ய வேண்டியது. மூன்று மீன்களையும் மீண்டும் தனித் தொட்டிக்கு மாற்றுங்கள். ஒன்றைக்கூட, அதற்குப் புள்ளியே இல்லை என்றாலும், பெரிய தொட்டியில் விட்டுவைக்காதீர்கள். கடைசி மீன் வெளியேறிய நாளை நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள், அன்றிலிருந்து 76 நாள் பெரிய தொட்டி மீனில்லாமல் இருக்க வேண்டும். இறாலும் நத்தையும் பவளமும் அங்கேயே இருக்கலாம், அவற்றில் இந்த ஒட்டுண்ணி வாழாது. வலை, வாளி, குழாய் எதையும் இரண்டு தொட்டிக்கும் பொதுவாக வைக்காதீர்கள். ஒரு சொட்டு ஈரம் போதும்.

தாமிரம் 30 நாளில் முடிந்துவிடும். அதன் பிறகு கார்பன் போட்டு மருந்தை எடுத்துவிடுங்கள். மீதி 46 நாளும் மீன்கள் மருந்தில்லாத தண்ணீரில் தனித் தொட்டியிலேயே இருக்கட்டும். தாமிரத்தில் பசி குறைந்திருக்கும், அந்த நாட்களில் டாங்குக்குக் கடற்பாசித் தாளைக் கிளிப்பில் மாட்டி வையுங்கள். கொஞ்சம் கொஞ்சமாகக் கிழித்துத் தின்ன ஆரம்பித்துவிடும்.