கேட்டு வந்த காற்றும் கேட்காமல் வந்த காற்றும்

நேயர்களுக்கு வணக்கம்.

சிக்னலில் வண்டி நிற்கிறது. கியர் நியூட்ரலில், கால் பிரேக்கில். ஆனால் என்ஜின் மட்டும், ஆக்ஸிலரேட்டரை யாரோ மிதித்துக்கொண்டிருப்பதைப் போல இரைகிறது. எட்டிப் பார்த்தால், என்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்று காட்டும் முள் 1,500-ல் நிற்கிறது. இதைத்தான் ‘ஐடிலிங் அதிகம்’ என்கிறோம். இன்று அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன். பெட்ரோல் என்ஜினை மனதில் வைத்துத்தான் பேசுகிறேன். டீசல் கதை வேறு.

முதலில் இது கோளாறுதானா என்று பார்த்துவிடுவோம். காலையில் குளிர்ந்த என்ஜினை ஸ்டார்ட் செய்தால் 1,200, 1,500 என்று சுற்றுவது இயல்பு. சில நிமிடங்களில் தானாக இறங்கிவிடும். ஏசி போட்டால் கொஞ்சம் ஏறும், அதுவும் இயல்பு. என்ஜின் நன்றாகச் சூடான பிறகு பெரும்பாலான கார்கள் 600-க்கும் 900-க்கும் இடையில் நிற்க வேண்டும். உங்கள் வண்டிக்கான சரியான அளவு கையேட்டில் இருக்கும். சூடான பிறகும் இறங்கவில்லை என்றால்தான் நமக்கு வேலை.

பெட்ரோல் என்ஜினின் வேகம் உள்ளே போகும் காற்றைப் பொறுத்தது. நாம் மிதிக்கும் பெடல் பெட்ரோலைத் திறப்பதில்லை, காற்றுக்கான கதவைத் திறக்கிறது. அந்தக் கதவு இருக்கும் இடம்தான் திராட்டில் பாடி. ஆகவே சுற்று அதிகமானால் எங்கிருந்தோ கூடுதல் காற்று வருகிறது என்று பொருள். வண்டியின் கம்ப்யூட்டரே கேட்டு வாங்கிய காற்றா, கேட்காமல் திருட்டுத்தனமாக நுழைந்த காற்றா? நான் எந்த வண்டியிலும் முதலில் கேட்டுக்கொள்வது இதைத்தான்.

அதற்கும் முன்னால் குனிந்து பெடலைப் பாருங்கள். சிரிக்காதீர்கள். தரைவிரிப்பு நழுவி ஆக்ஸிலரேட்டரை அழுத்திக்கொண்டிருந்த வண்டிகளைப் பார்த்திருக்கிறேன். கேபிள் உள்ள பழைய வண்டி என்றால், கேபிளில் சிறிது தளர்வு இருக்கிறதா, விட்டதும் முழுதாகத் திரும்புகிறதா என்று பாருங்கள்.

சரி, திருட்டுக் காற்றுக்கு வருவோம். திராட்டில் பாடியைத் தாண்டி வந்த காற்றை என்ஜினுக்குள் பிரித்துக் கொடுக்கும் இன்டேக் மேனிஃபோல்டுக்குள், என்ஜின் ஓடும்போது வெற்றிடம் இருக்கும். அதிலிருந்து பிரேக் மிதிக்க உதவும் பிரேக் பூஸ்டருக்கு ஒரு ஹோஸ், என்ஜினுக்குள் சேரும் புகையை இழுத்துக்கொள்ளும் பிசிவி வால்வுக்கு ஒன்று என்று பல ரப்பர் குழாய்கள் கிளம்பும். சூட்டிலேயே கிடந்து ரப்பர் காய்ந்து வெடிக்கும். வளைவுகளின் அடிப்பக்கத்தில்தான் பெரும்பாலும் வெடிப்பு இருக்கும், மேலிருந்து பார்த்தால் தெரியாது. விரலால் தடவிப் பார்க்க வேண்டும். அதை என்ஜின் ஆறியிருக்கும்போதே செய்துவிடுங்கள். அப்புறம் ஸ்டார்ட் செய்து, பானட்டைத் திறந்து காதைக் கொடுத்தால் ‘உஸ்’ என்ற சத்தம் கேட்கலாம். ஃபேனுக்கும் பெல்ட்டுக்கும் கையும் உடையும் எட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். துணி சுற்றிய பிளையரால் ஒவ்வொரு ஹோஸாக மெதுவாக அழுத்திப் பாருங்கள். எதை அழுத்தும்போது சுற்று பளிச்சென்று இறங்குகிறதோ, அந்த வழியைச் சந்தேகப்படலாம்.

எரியக்கூடிய ஸ்பிரேயை அடித்துக் கசிவு கண்டுபிடிக்கும் பழக்கம் பலருக்கு உண்டு. சூடான எக்ஸாஸ்ட்டுக்குப் பக்கத்தில் அதைச் செய்ய நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். ஒயர் கனெக்டர்கள் நனையாமல் கொஞ்சம் சோப்புத் தண்ணீர் தெளித்தாலே, கசிவு அதை உறிஞ்சும்போது சத்தம் மாறும்.

வண்டியின் கம்ப்யூட்டர் பதிந்துவைத்த கோளாறுகளைப் படிக்கும் ஸ்கேனர் கையில் இருந்தால் இன்னும் நல்லது. பி0507 என்ற கோளாறுக் குறியீடு வந்தால், ஐடிலிங் எதிர்பார்த்ததைவிட அதிகம் என்று பொருள். நோயின் பெயர் அதுதான், காரணம் அதில் இல்லை. கூடவே பி0171 வந்தால், பெட்ரோலுக்குக் காற்று அதிகமாக இருக்கிறது. கசிவை முதலில் தேடுங்கள்.

கசிவு இல்லை என்றால் கம்ப்யூட்டரே கேட்கிறது. ஏன் கேட்கிறது? இங்கே என் சொந்த வண்டியின் கதையைச் சொல்ல வேண்டும். 1,400-க்குக் கீழே இறங்கவே இல்லை. நான் அவசரப்பட்டு, ஐடிலிங்குக்கான காற்றை அளந்து விடும் ஐடில் வால்வை மாற்றினேன். பணம் போனது, சுற்று அப்படியே நின்றது. மறுநாள்தான் ரேடியேட்டர் மூடியைத் திறந்து பார்த்தேன், அதுவும் என்ஜின் ஆறிய பிறகு. என்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலண்ட் பாதிதான் இருந்தது. ஒரு ஹோஸ் கிளிப் பக்கம் சொட்டுச் சொட்டாகக் கசிந்திருக்கிறது. வெப்பத்தை அளக்கும் சென்சாரைக் கூலண்ட் தொடவே இல்லை. என்ஜின் இன்னும் குளிர்ந்திருக்கிறது என்று அது கம்ப்யூட்டரிடம் சொல்லிக்கொண்டே இருந்தது. கம்ப்யூட்டர் பாவம், குளிரில் வாடும் என்ஜினுக்கு இரக்கப்பட்டுக் காற்றைக் கூட்டிக்கொண்டே இருந்தது! கிளிப்பை மாற்றி, கூலண்ட் நிரப்பி, உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்றியதும் 750-க்கு வந்துவிட்டது.

அந்தச் சென்சாரே கெட்டாலும், என்ஜின் சூடாகும்வரை கூலண்டை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் தெர்மோஸ்டாட் திறந்தபடி மாட்டிக்கொண்டாலும் இதே நாடகம்தான். ஸ்கேனரில் கூலண்ட் வெப்பத்தைப் பாருங்கள். நன்றாக ஓடிய வண்டி 40 டிகிரி காட்டினால் ஆளைப் பிடித்துவிட்டீர்கள்.

கடைசியாக திராட்டில் பாடி. கரி பிடித்து, காற்றுக் கதவாக இருக்கும் இதழ் முழுதாக மூடாமல் நின்றாலும் சுற்று ஏறும். துடைக்கலாம். ஆனால் எலக்ட்ரானிக் வகையாக இருந்தால் சாவியைப் போட்டுக்கொண்டு விரலை உள்ளே விடாதீர்கள், இதழ் திடீரென்று மூடிக்கொள்ளும். துணியைக் கிளீனரில் நனைத்துத் துடையுங்கள். அங்கே ஒரு சின்ன ஸ்டாப் ஸ்க்ரூ தெரியும். அதைத் திருகத்தான் எல்லோருக்கும் கை துறுதுறுக்கும். கார்புரேட்டர் காலத்துப் பழக்கம் அது. இந்த ஸ்க்ரூ கம்பெனியில் அளந்து வைத்தது, தொடாமல் விடுங்கள்.

துடைத்த பிறகு ஐடிலிங் முன்னைவிட அதிகமானால் பதறாதீர்கள். கரி அடைத்திருந்த காலத்தில், இதழை எவ்வளவு அதிகம் திறக்க வேண்டும் என்று கம்ப்யூட்டர் கற்றுவைத்திருக்கிறது. இப்போது வழி சுத்தம், ஆனால் பழைய கணக்கிலேயே திறக்கிறது. ஏசி, லைட்டு எல்லாவற்றையும் அணைத்துவிட்டுச் சூடான என்ஜினைச் சில நிமிடம் சும்மா ஓடவிட்டால் பல வண்டிகள் தாமே திருத்திக்கொள்ளும். சிலவற்றுக்குக் கையேட்டில் தனி முறை இருக்கும்; சிலவற்றுக்கு ஸ்கேனரில் ரீசெட் செய்ய வேண்டும்.

நன்றி, வணக்கம்.