வெள்ளைத் திட்டு வலிக்காது

(பல் மருத்துவ மாணவர்களும் கிராம சுகாதார செவிலியர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

முதல்வர் அவர்களே, துறைத் தலைவர் அவர்களே, கிராம சுகாதார செவிலியர் சகோதரிகளே, அடுத்த மாதம் கிராமப் பணிக்குக் கிளம்பும் பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

'எளிய மக்களின் வாய்நலமும் ஆராய்ச்சியும்' என்று அழைப்பிதழில் போட்டிருக்கிறார்கள். பெரிய தலைப்பு. ஒரு மணி நேரத்தில் அதையெல்லாம் பேச முடியாது. அதில் ஒரு மூலையை மட்டும், வாய்ப் புற்றுநோயை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். சொத்தைப் பல்லைப் பற்றி உங்களுக்கு நாலு வருஷமாகச் சொல்லியாயிற்று. அதற்கு மேல் நானும் சொன்னால் பாதிப் பேர் தூங்கிவிடுவீர்கள்.

மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் என்றதும் யாருக்கும் ஹோமி பாபாவும் அணு இயற்பியலும்தான் நினைவுக்கு வரும். அந்த நிறுவனத்துக்குள் ஒரு பல் ஆராய்ச்சிப் பிரிவு இருந்தது. ஃபாலி மேத்தா அதை நடத்தினார். டென்மார்க்கின் வாய்நோய் அறிஞர் பின்ட்போர்க் உடன் நின்றார். 1960-களின் நடுவில் அவர்கள் பவநகர், எர்ணாகுளம், ஸ்ரீகாகுளம், சிங்பூம், தர்பங்கா என்று ஐந்து மாவட்டங்களுக்கு ஆள் அனுப்பினார்கள். 50,915 கிராமத்து மக்களின் வாயைத் திறந்து பார்த்தார்கள். ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களை வைத்துக் கணக்குப் போடாமல், நோய் இருக்கிறதா இல்லையா என்றே தெரியாத ஊருக்குள் போய்ப் பார்த்தார்கள். இந்திய வாய்நல ஆராய்ச்சியில் எனக்கு மிகப் பிடித்த வேலை இதுதான்.

ஆந்திராவின் ஸ்ரீகாகுளத்துப் பெண்கள் பலர் சுட்டா என்னும் சுருட்டைப் பற்றவைத்து, எரிகிற முனையை வாய்க்குள் வைத்துப் புகைப்பார்கள். கடற்காற்றில் அணையாது, கையில் வேலையும் நிற்காது என்று அதற்குக் காரணம் சொல்வார்கள். நம் பக்கம் புற்றுநோய் கன்னத்தின் உட்புறத்தில் வரும். அங்கே மேலண்ணத்தில் வந்தது. நெருப்பும் புகையிலையும் எங்கே படுகிறதோ நோயும் அங்கேயே வருகிறது என்பதற்கு இதைவிட நேரடியான சாட்சி வேண்டாம்.

அடுத்து திருவனந்தபுரம். 1996-ல் அங்குள்ள மண்டலப் புற்றுநோய் மையமும், பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமையின் ரங்கசாமி சங்கரநாராயணனும் சேர்ந்து ஒரு சோதனையைத் தொடங்கினார்கள். 13 பஞ்சாயத்துகள். ஏழில் வீடு வீடாகப் போய் 35 வயதைத் தாண்டியவர்களின் வாயைப் பார்ப்பது, மற்ற ஆறில் வழக்கம்போல் விட்டுவிடுவது. வாயைப் பார்த்தவர்கள் பல் டாக்டர்கள் இல்லை, நர்சுகளும் இல்லை. ஏதோ ஒரு பட்டம் படித்து, பயிற்சி எடுத்துக்கொண்ட சாதாரண இளைஞர்கள். கையில் டார்ச் விளக்கு. மூன்று ஆண்டுக்கு ஒரு சுற்று என மூன்று சுற்று போனார்கள்.

முடிவு 2005-ல் வெளியானது. புகையிலையோ மதுவோ பழகியவர்களிடையே வாய்ப் புற்றுநோய்ச் சாவு 34 விழுக்காடு குறைந்திருந்தது. எல்லோரையும் சேர்த்துப் பார்த்தால், அந்தக் குறைவு உறுதியாகச் சொல்லும் அளவுக்கு இல்லை. மேடைக்காக இதை நான் விழுங்கப் போவதில்லை, ஏனென்றால் நமக்கு உதவுகிற செய்தியே அதில்தான் இருக்கிறது. ஊரில் உள்ள எல்லா வாயையும் பார்க்க நேரம் இல்லையா? புகையிலை போடுகிறவர்கள், குடிக்கிறவர்கள் வாயை முதலில் பாருங்கள். ஒருவரைப் பரிசோதிக்க ஆன செலவு 6 டாலருக்கும் குறைவு என்று பிறகு கணக்குப் போட்டுச் சொன்னார்கள்.

இந்த 34-ஐ எல்லாக் கருத்தரங்கிலும் காட்டுவார்கள். அதே கட்டுரையில் இன்னொரு எண் இருக்கிறது, அதை யாரும் காட்டுவதில்லை. சந்தேகம் என்று கண்டுபிடித்து, "டாக்டரிடம் போங்கள்" என்று சொல்லப்பட்டவர்கள் 5,145 பேர். போனவர்கள் 3,218 பேர். மீதி 1,927 பேர் போகவே இல்லை. நூற்றுக்கு 37. இது நடந்தது கேரளத்தில். படிப்பும் பஸ் வசதியும் மற்ற மாநிலங்களைவிட மேலாக இருந்த இடத்தில்.

இலங்கையிலும் இதே கதைதான். 1980-களின் தொடக்கத்தில் சமன் வர்ணகுலசூரிய குழுவினர் கிராமத்து சுகாதார ஊழியர்கள் 34 பேரைப் பழக்கினார்கள். ஒரு வருஷத்தில் 28,000-க்கும் மேற்பட்டோரின் வாயைப் பார்த்தார்கள். புற்றுநோயாக மாறக்கூடிய வெள்ளைத் திட்டை ஊழியர்கள் சரியாகவே கண்டுபிடித்தார்கள். ஆனால் அனுப்பப்பட்டவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர்தான் போய்ச் சேர்ந்தார்கள். வெற்றிலை பாக்கு புகையிலை மடிப்பதில் மலையகத் தோட்டங்களில் இருக்கும் நம் மக்கள் முன்னால் நிற்பவர்கள் என்பதால் இதைச் சொல்கிறேன்.

ஏன் போகவில்லை? அறியாமை என்று எழுதிவிடுவது சுலபம். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. வெள்ளைத் திட்டு வலிக்காது. வலிக்காத ஒன்றுக்காக ஒரு நாள் கூலியை விட்டு, இரண்டு பஸ் மாறி, ஓ.பி. சீட்டுக்கு வரிசையில் நின்று, "நாளைக்கு வாங்க, பயாப்சி எடுக்கணும், கொஞ்சம் சதை எடுத்துச் சோதிக்கணும்" என்று கேட்டுத் திரும்ப யார் வருவார்கள்? நானாக இருந்தாலும் வரமாட்டேன்.

கரும்பு வெட்டும் ஓர் அம்மாவிடம், "எப்போதிருந்து புகையிலை போடுறீங்க?" என்று கேட்டேன். "பல்லு வலிக்குன்னு வெச்சேன் டாக்டரம்மா. வலி போச்சு, புகையிலை போகல" என்றார். பல்லைப் பிடுங்கிவிட யாராவது பக்கத்தில் இருந்திருந்தால் அவர் புகையிலையைத் தொட்டே இருக்கமாட்டார் என்று அடித்துச் சொல்லமாட்டேன். பசி அடங்கும், வெயில் தெரியாது என்று வேறு காரணங்களும் இருக்கின்றன. ஆனாலும் பல்வலியும் புற்றுநோயும் நம் பாடப்புத்தகத்தில் வேறு வேறு அத்தியாயம். அவர் வாயில் ஒரே அத்தியாயம்.

சரி, நீங்கள் ஊருக்குள் போகிறீர்கள். முதலில் வாய் கொப்பளிக்கச் சொல்லுங்கள். வாயில் சாறோடு இருக்கும்போது எதுவும் தெரியாது. அடுத்து, "போடுறீங்களா?" என்று கேட்காதீர்கள், இல்லை என்றுதான் பதில் வரும். "எந்தப் பக்கம் அடக்குவீங்க?" என்று கேளுங்கள். விரலால் காட்டிவிடுவார்கள். அங்கேதான் முதலில் டார்ச் அடிக்க வேண்டும். உதட்டுக்கும் ஈறுக்கும் நடுவே, கன்னத்தின் உட்புறம், நாக்கின் ஓரம், நாக்குக்கு அடியில். வெள்ளையாக இருந்தால் துணியால் துடைத்துப் பாருங்கள். துடைத்தால் வருவது பெரும்பாலும் பூஞ்சை. துடைத்தும் வராவிட்டால் சீட்டு எழுதுங்கள். வெள்ளைக்கு நடுவே சிவப்பு கலந்திருந்தால் இன்னும் அவசரம்.

இளவட்டப் பையன்கள் விஷயம் வேறு. ஹான்ஸ், மாவா போன்ற மெல்லும் புகையிலை, பாக்குப் பொட்டலம். "குழம்புல காரம் தாங்கலை" என்று ஒரு பையன் சொன்னால் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். கன்னம் வெளிறி, விரல் வைத்தால் உள்ளே கயிறு மாதிரி தட்டுப்படும். மூன்று விரல் நுழைய வேண்டிய வாயில் இரண்டு விரல் நுழையாது. வாய் இறுகிப்போகும் நோய் இது. புகையிலையே இல்லாமல் வெறும் பாக்கு மட்டுமே இதைச் செய்யும். பன்னாட்டு முகமை 2004-லேயே பாக்கைப் புற்றுநோய்ப் பொருள் என்று வகைப்படுத்திவிட்டது. குட்காவுக்கு 2013-லிருந்து தமிழ்நாட்டில் தடை. தடை எப்படி நடக்கிறது என்பதை பெட்டிக்கடைக்காரரைக் கேளுங்கள், என்னைக் கேட்காதீர்கள்.

30 வயதைத் தாண்டிய எல்லோருக்கும் வாய்ப் பரிசோதனை என்று மத்திய அரசின் வழிகாட்டுதல் 2016-லிருந்தே இருக்கிறது. ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வில் கேட்டபோது, அப்படி ஒரு பரிசோதனை நடந்தது என்று சொன்னவர்கள் நூற்றுக்கு ஒருவர் அளவில்தான். நாட்டில் 300-க்கும் மேல் பல் மருத்துவக் கல்லூரிகள்! ஆள் பஞ்சம் என்று யாரும் சொல்ல முடியாது.

முகாம் நடத்துகிறோமே என்பீர்கள். நடத்துகிறோம், தெரியும். பேனர், பேஸ்ட் டியூப், போட்டோ. எத்தனை பேரைப் பார்த்தோம் என்ற கணக்கு மறுநாளே துறைக்கு வந்துவிடும். அனுப்பியவர்களில் எத்தனை பேர் வந்தார்கள் என்று எந்த நோட்டிலும் இருக்காது. உங்கள் பதிவேட்டில் கடைசியில் ஒரு பத்தி போடுங்கள். 'வந்தாரா?' அவ்வளவுதான் தலைப்பு. வராதவர் பெயரை அந்த ஊர் செவிலியர் அக்காவிடம் கொடுங்கள். யார் வீட்டில் யார் சொன்னால் கேட்பார்கள் என்பது அவருக்குத் தெரியும், நமக்குத் தெரியாது. முதுகலை மாணவர்கள் ஆய்வுக்குத் தலைப்பு தேடி என்னிடம் வருகிறீர்கள். இந்தப் பத்தியை ஒரு வருஷம் நிரப்பினால் அதுவே ஒரு ஆய்வு. வராதவர்களிடம் போய் ஏன் வரவில்லை என்று கேட்டால் இன்னொன்று.

முதல்வர் மேடையிலேயே இருப்பதால் அவரிடமும் ஒன்று கேட்டுவிடுகிறேன். சார், கூலிக்காரர்களுக்கு ஞாயிறு ஒரு நாள்தான் ஓய்வு. நம் ஓ.பி.க்கும் அன்றைக்குத்தான் விடுமுறை. மாதத்தில் ஒரு ஞாயிறு, காலை எட்டிலிருந்து பன்னிரண்டு வரை, ஒரு நாற்காலியும் பயாப்சி எடுக்க ஒரு டாக்டரும் இருந்தால் போதும். கிராமத்திலிருந்து அனுப்பியவர்களை மட்டும் பார்ப்போம், அன்றைக்கே சதை எடுத்து அனுப்பிவிடுவோம். முதல் மூன்று மாதம் டாக்டராக நானே வருகிறேன். தேதியை இப்போதே சொல்லிவிட்டால், இந்தச் சகோதரிகள் ஊருக்குப் போய் ஆளுக்கு நாலு பேரிடம் சொல்லிவிடுவார்கள்.