மவுண்ட் ரோட்டில் ஓடிய இங்கிலீஷ் படங்கள்

எல்லாருக்கும் வணக்கம். பழைய தியேட்டர் என்று பேச்சை எடுத்தாலே எம்.ஜி.ஆர், சிவாஜி, முதல் நாள் முதல் ஷோ, கட் அவுட் என்றுதான் போகும். அதில் தப்பில்லை. ஆனால் நம் ஊரில் தியேட்டர் என்ற ஒன்று வந்ததே வெளிநாட்டுப் படம் காட்டத்தான், அதை நாம் கிட்டத்தட்ட மறந்தே போய்விட்டோம்.

திருச்சியில் ரயில்வே வேலையில் இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட் 1905ல் டுபான் என்ற பிரெஞ்சுக்காரரிடம் ப்ரொஜெக்டரையும் படச்சுருள்களையும் விலைக்கு வாங்கி, வேலையை உதறிவிட்டு ஊர் ஊராகக் கூடாரம் போட்டாரே, அங்கே ஜனங்கள் பார்த்தது வெளிநாட்டில் எடுத்த இயேசுவின் கதை. அவர் அப்புறம் கோவையில் வெரைட்டி ஹால் கட்டினார், அந்த ரோட்டுக்கே இன்றைக்கும் அதுதான் பெயர். சென்னையில் ரகுபதி வெங்கய்யா 1914ல் கெயிட்டி கட்டினார். இந்தியர் ஒருவர் சென்னையில் கட்டிய முதல் தியேட்டர் அது. தமிழ் பேசும் படம் வந்ததோ 1931ல்தான். அதுவரைக்கும் இந்தத் தியேட்டர்களுக்குப் பெரும்பாலும் சோறு போட்டது கப்பலில் வந்த ரீல்கள்தான்.

கெயிட்டிக்கு ஒரு வருஷம் முந்தியது மவுண்ட் ரோடு எலெக்ட்ரிக் தியேட்டர். அந்தக் கட்டடம் இன்னும் நிற்கிறது. அண்ணா சாலை போஸ்ட் ஆபீஸ் வளாகத்துக்குள், தபால்தலை சேகரிப்பவர்கள் போகும் பகுதி இருக்கிறதே, அதேதான். எத்தனை பேர் அங்கே ஸ்டாம்ப் வாங்கிக்கொண்டு, தாங்கள் நிற்பது நூறு வருஷத்துக்கு முந்திய சினிமாக் கொட்டகை என்று தெரியாமலே திரும்பியிருப்பார்கள்!

சரி, என் தலைமுறைக்குத் தெரிந்த காலத்துக்கு வருகிறேன். 1941ல் வந்த கேசினோ, ஜார்ஜ் டவுனில் மினர்வா, அப்புறம் ஆனந்த், தேவி. 1964ல் சஃபையர் வந்தபோது ஒரே வளாகத்தில் சஃபையர், எமரால்டு, ப்ளூ டைமண்ட் என்று மூன்று தியேட்டர், மல்டிப்ளெக்ஸ் என்ற சொல்லே நம் காதில் விழாத காலம் அது. சஃபையரில் 70 எம்.எம். திரையில் க்ளியோபாட்ரா ஓடியது. ஆனால் எனக்கு நெருக்கமானது ப்ளூ டைமண்ட். அங்கே தொடர் காட்சி. ஒரு டிக்கெட் எடுத்தால் எப்போது வேண்டுமானாலும் உள்ளே போகலாம். படம் பாதி ஓடிக்கொண்டிருக்கும், டார்ச் அடித்து ஒருவர் சீட் காட்டுவார், யார் யாரைச் சுடுகிறார்கள் என்றே புரியாமல் கடைசி வரை பார்த்துவிட்டு, அடுத்த காட்சியில் முதலிலிருந்து பார்த்து, நாம் நுழைந்த இடம் வந்ததும் எழுந்து போகலாம், போகாமலும் உட்காரலாம், யாரும் கேட்கமாட்டார்கள். வசனத்தில் பாதி புரியாது. சப்டைட்டில் கிடையாது. அதனாலேயே கண்ணைத் திரையிலிருந்து எடுக்கமாட்டோம். ஒரு ஆளின் முகத்தைக் காட்டிவிட்டு அடுத்து டைரக்டர் எதைக் காட்டுகிறான் என்று கவனிக்க அங்கேதான் பழகினேன். நல்ல கல்லூரிப் பாடத்தைவிடப் பெரிய பாடம் என்று மனசாரச் சொல்கிறேன்.

இதையெல்லாம் நடத்திக்காட்டிய ப்ரொஜெக்டர் ஆபரேட்டரைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ப்ரொஜெக்டர் விளக்குக்குள் மின்சாரத்தில் எரியும் கார்பன் குச்சி இரண்டையும் நெருக்கிப் பிடித்தால்தான் வெளிச்சம், எரிய எரிய அது தேயும், இடைவெளி கூடினால் திரை மங்கிவிடும், அதனால் படம் முழுக்க அவர் கையால் சரிசெய்துகொண்டே இருக்கவேண்டும். 2000 அடி ரீல் 20 நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேலே ஓடும். முடியப்போகும்போது திரையின் வலது மேல் மூலையில் ஒரு புள்ளி மின்னும், அதைப் பார்த்து அடுத்த ரீல் மாட்டிய இன்னொரு ப்ரொஜெக்டருக்கு மாற்றவேண்டும், ஒரு கண் சிமிட்டலில். பல இங்கிலீஷ் படங்களுக்கு இடைவேளையே கிடையாது. நம் ஊரில் எங்கே நிறுத்துவது என்று ஒரு ரீலின் முடிவைப் பார்த்து இங்கேதான் முடிவு செய்தார்கள்.

1971ல் அமெரிக்கக் கம்பெனிகளோடு இருந்த இறக்குமதி ஒப்பந்தம் முடிந்துபோய், 1975ல்தான் புதுப்பித்தார்கள். நடுவில் புது ஹாலிவுட் படம் வரத்து சுருங்கியது. இங்கே இருந்த பழைய பிரிண்ட்டுகள், கோடு விழுந்து மழை பெய்கிற பிரிண்ட்டுகள், திரும்பத் திரும்ப ஓடின. அப்புறம் வீடியோ, கேபிள். சஃபையர் இல்லை, ஆனந்த் இல்லை, கெயிட்டியும் இல்லை. கேசினோவும் தேவியும் இருக்கின்றன என்பதில் எனக்கு நிஜமாகவே சந்தோஷம்.

கட்டடம் போனதைவிட, எந்தத் தியேட்டரில் எந்த வாரம் எது ஓடியது என்ற விவரமே ஒழுங்காக இல்லாதது எனக்குப் பெரிய வருத்தம். பழைய பத்திரிகையின் சினிமா விளம்பரங்களில் அது இருக்கிறது, யாராவது உட்கார்ந்து எடுக்கவேண்டும். அந்தத் தியேட்டர்களில் ஆபரேட்டராக, கவுண்டரில், டார்ச் பிடித்து வேலை பார்த்தவர்கள் உங்கள் தெருவில் இருந்தால் போனை எடுத்துக்கொண்டு போய் உட்காருங்கள், அவர்கள் பேசுவதைப் பதிவு செய்யுங்கள். பரணில் டிக்கெட்டோ நோட்டீஸோ கிடந்தால் பழைய பேப்பர்காரரிடம் போடாதீர்கள், குறைந்தபட்சம் ஒரு படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள்.