ஆங்கில வகுப்பில் வாயைத் திறங்கள்

(காரைக்குடிப் பக்கத்து அரசு உயர்நிலைப் பள்ளி ஒன்றின் பெற்றோர் கூட்டத்தில் பேசியது)

கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் தலைமையாசிரியை அம்மா அவர்களே, ஊராட்சி மன்றத் தலைவர் அவர்களே, பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர் அண்ணன் அவர்களே, இதற்காகவே சென்னையிலிருந்து ராத்திரி ரயிலேறி வந்திருக்கும் முன்னாள் மாணவர் சங்கச் செயலாளர் அவர்களே, நகரச் சிவன் கோயில் காரியக்காரர் அவர்களே, ஆங்கில ஆசிரியர் தம்பி அவர்களே, முன்வரிசையில் இடம் பிடித்துவிட்ட ஆச்சிமார்களே, அப்பத்தாக்களே, உட்காரச் சொல்லியும் பின்னால் நின்றுகொண்டிருக்கும் ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

பந்தல் போட்டவரையும் மைக்செட் தம்பியையும் எந்தக் கூட்டத்திலும் யாரும் சொல்வதில்லை. அவர்களுக்கும் வணக்கம். எனக்குப் பொன்னாடை போர்த்திய ஊராட்சித் தலைவருக்கு நன்றி. வீட்டில் ஏற்கெனவே ஒரு பீரோ நிறைய இருக்கிறது. அடுத்த முறை அந்தக் காசுக்கு ஒரு புத்தகம் வாங்கிக் கையில் கொடுங்கள், தலைவரே. போன வருஷமும் இதைத்தான் சொன்னேன், கேட்கவில்லை. சரி.

ஆங்கில வகுப்பில் பிள்ளைகளிடம் என்ன எதிர்பார்க்கிறோம் என்று பேசச் சொன்னார்கள். ஓய்வு பெறும்வரை அந்த வகுப்பில் நின்றவன் என்பதால் என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஐந்து விஷயம் சொல்கிறேன். வாயைத் திறக்க வேண்டும்; அது முதலாவது. பாடத்தை வகுப்புக்கு முன்னாலேயே ஒரு தடவை படித்துவிட்டு வர வேண்டும். சொந்தமாக எழுத வேண்டும். கையில் அகராதி இருக்க வேண்டும். அடுத்தவன் தப்பாகப் பேசினால் சிரிக்கக் கூடாது. ஐந்தையும் வரிசையாகச் சொல்லி முடிக்க உத்தேசம். தலைமையாசிரியை அம்மா மேசை மணியைப் பக்கத்திலேயே வைத்திருப்பது எனக்குத் தெரிகிறது.

சித்திரமும் கைப்பழக்கம், செந்தமிழும் நாப்பழக்கம் என்று ஔவைப் பாட்டி சொன்னாள். என்னிடம் படித்த பிள்ளைகள் யாராவது இங்கே இருந்தால், இதை ஆயிரம் தடவை கேட்டிருப்பார்கள். பிறந்ததிலிருந்து காதில் விழும் தமிழுக்கே நாப்பழக்கம் வேண்டும் என்றால், வகுப்பு மணி அடித்தால் மட்டும் காதில் விழுகிற ஆங்கிலத்துக்கு எவ்வளவு பழக்கம் வேண்டும்? நம் வகுப்பில் நடப்பது என்ன? ஆசிரியர் வாசிப்பார், அர்த்தம் சொல்வார், கரும்பலகையில் விடை எழுதுவார். பிள்ளைகள் பார்த்து எழுதுவார்கள். அந்த வேளையில் கைக்குத்தான் பழக்கம், நாக்குக்கு விடுமுறை.

கானாடுகாத்தானில் நம் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். வெளிநாட்டுக்காரர்கள் நம் செட்டிநாட்டுப் பழைய வீடுகளைச் சுற்றிப் பார்க்க வருகிறார்கள். 2014-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரிய உத்தேசப் பட்டியலில் செட்டிநாட்டு ஊர்களைச் சேர்த்த பிறகு நம் வீடுகளின் பெயர் இன்னும் பரவியிருக்கிறது. பிள்ளைகள் ஓடிப் போய், ‘ஹலோ, வாட் இஸ் யுவர் நேம்?’ என்பார்கள். அவர் பெயரைச் சொல்வார். ‘விச் கன்ட்ரி?’ அதையும் சொல்வார். அதற்குப் பிறகு இரண்டு பக்கமும் சிரிப்புதான். மூன்றாவது வாக்கியம் வராது. பள்ளிக்கூடத்து ஆங்கில வகுப்பிலிருந்து எனக்கு வேண்டியது அந்த மூன்றாவது வாக்கியம்.

‘தப்பாகப் போய்விட்டால்?’ என்று பிள்ளைகள் கேட்பார்கள். அதற்கு எங்கள் ஐயாவின் கதையைச் சொல்கிறேன்.

யுத்தத்துக்கு முந்தைய காலம். ஐயாவுக்கு அப்போது மீசைகூட அரும்பவில்லை. கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து வட்டித் தொழில் பார்க்கப் போகிறவர்களோடு கப்பலேற்றி பர்மாவுக்கு அனுப்பிவிட்டார்கள். ரங்கூன் மொகல் தெருவில் ஒரு கிட்டங்கி, செட்டியார்கள் வட்டிக்கடை நடத்துகிற இடம். அங்கே ஐயா பெட்டியடிப் பையன். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன்: பெட்டியடிப் பையன் என்றால் விடியக்காலம் எழுந்து கூட்டிப் பெருக்கி, பாய் விரித்து, கடைப் பொறுப்பாளரான மேலாளுக்கு வெற்றிலைப் பெட்டி எடுத்து வைத்து, கணக்கெழுதுகிறவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துப் பார்த்தே தொழில் கற்றுக்கொள்ள வேண்டியவன். பேரேடு எல்லாம் தமிழ். வட்டிக் கணக்கு வாயிலேயே போட்டுவிடுவார்கள். ஆனால் கோர்ட்டிலிருந்தும் பாங்கிலிருந்தும் வருகிற காகிதம் இங்கிலீஷ். அதை, மேலாளுக்கு அடுத்த நிலையில் இருக்கும் அடுத்தாள் வாங்கிப் பார்ப்பார். பார்ப்பார் என்றால் முத்திரையைப் பார்ப்பார். பார்த்துவிட்டுச் சுவரோரக் கம்பியில் குத்திவிடுவார்.

ஊரில் ஐயா படித்த இங்கிலீஷ், தாகமெடுத்த காக்கா பாடம் வரைக்கும்தான். பானையில் கல்லைப் போட்டுத் தண்ணீரை மேலே கொண்டுவருமே, அந்தக் காக்கா. அதற்குள் கப்பல் ஏற்றிவிட்டார்கள். ஆனாலும் மனுஷர் விடவில்லை. ராத்திரி எல்லோரும் படுத்த பிறகு அரிக்கேன் விளக்கைத் தணித்து வைத்துக்கொண்டு, கம்பியில் குத்தின காகிதத்தை ஒவ்வொன்றாக உருவி, எழுத்துக்கூட்டி உரக்கப் படிப்பாராம். தினமும் இதே கூத்து. மேலாளுக்குத் தூக்கம் கெடும். செம்பைத் தூக்கி எறிவார். ‘ஏண்டா, கிட்டங்கியா பள்ளிக்கூடமாடா?’ ஐயா குரலைக் கொஞ்சம் இறக்கிக்கொண்டு மறுபடியும் படிப்பார்.

ஒருநாள் ராத்திரி ஒரு காகிதம். கோர்ட்டு முத்திரை. அடுத்தாள் அதைப் பாங்குக் காகிதம் என்று நினைத்துக் குத்தி வைத்துவிட்டார். ஐயா எழுத்துக்கூட்டுகிறார். ‘கோர்ட்’ தெரிகிறது. நடுவில் மூன்று வரி புரியவில்லை. அப்புறம் டி ஹெச் யூ ஆர் எஸ் என்று ஒரு சொல் வருகிறது. அவருக்குத் தெரிந்தது காக்கா பாடம். அந்தக் காக்கா ‘தர்ஸ்டி’, தாகமெடுத்த காக்கா. உடனே ஓடிப்போய் மேலாளை எழுப்பிவிட்டார். ‘ஐயா, ஐயா, கோர்ட்டுக்குத் தாகமாக இருக்கிறதாம்!’

மேலாள் எழுந்து உட்கார்ந்து, ‘கோர்ட்டுக்கு என்றைக்குடா தாகம் இல்லாமல் இருந்தது? நம்ம காசுக்குத்தான் தாகம், போய்ப் படு’ என்றாராம். ஆனால் செட்டியார் இல்லையா? கோர்ட்டு என்ற சொல் காதில் விழுந்த பிறகு தூக்கம் வருமா? காகிதத்தை வாங்கி விளக்கில் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். அடுத்தாளை எழுப்புகிறார். அவர், ‘அது பாங்கு’ என்கிறார். சமையல்காரரும் எழுந்து வந்து, ‘தாகம் என்றால் தண்ணீர் வரி பாக்கியாக இருக்கும்’ என்று அபிப்பிராயம் சொல்கிறார். அந்த நேரத்தில் நாலு பேரும் தெருவில் இறங்கி, நாலு வீடு தள்ளிக் குடியிருந்த வக்கீல் குமாஸ்தா வீட்டுக் கதவைத் தட்டினார்கள். அவர் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு படித்தார். முதலில் விழுந்து விழுந்து சிரித்தார். அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. ‘செட்டியாரே, இது தாகம் இல்லை, தர்ஸ்டே, வியாழக்கிழமை. ஈட்டு நிலத்து வழக்குக்கு வாய்தா. இன்றைக்கு புதன் ராத்திரி. விடிந்தால் வியாழன்’ என்றார்.

விடிந்தது. மேலாள் கோர்ட்டில் போய் நின்றார். நிற்காமல் போயிருந்தால் ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பாகி, நிலம் போயிருக்கும். அன்றைக்குச் சாயங்காலமே மேலாள் கடைத்தெருவுக்கு ஆள் அனுப்பி ஐயாவுக்கு ஓர் அகராதி வாங்கிக் கொடுத்தாராம். ‘இனிமேல் உரக்கவே படிடா’ என்றாராம். (கைதட்டல்)

கைதட்டுவது இருக்கட்டும். ஐயா படித்தது தப்பு. தப்போ ஒப்போ, உரக்கப் படித்ததால் திருத்துவதற்கு ஆள் கிடைத்தது. மனசுக்குள்ளேயே படித்துவிட்டுப் படுத்திருந்தால் நிலம் போனதுதான். சித்திரமும் கைப்பழக்கம், செந்தமிழும் நாப்பழக்கம். பின்வரிசைப் பிள்ளைகளுக்கு இது கேட்டிருக்கும் என்று நம்புகிறேன்.

இரண்டாவது, முன்கூட்டியே படித்துவிட்டு வருவது. அதில் பெரிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை, படித்துவிட்டு வாருங்கள்.

மூன்றாவது, சொந்தமாக எழுதுவது. பத்தாம் வகுப்பு ஆங்கிலம் 100 மதிப்பெண், மூன்று மணி நேரம். முன்பு இரண்டு தாள் இருந்தது, 2019-20 கல்வியாண்டிலிருந்து ஒரே தாள். 35 வாங்கினால் தேர்ச்சி. அந்த 35-ஐக் கைடைப் பார்த்து மனப்பாடம் செய்தே வாங்கிவிடலாம், அதுதான் நமக்குப் பிடித்த சாபம். விடுப்பு விண்ணப்பம் எழுதச் சொல்லுங்கள், வகுப்பு முழுக்க ஒரே காய்ச்சல், ஒரே இரண்டு நாள். ஒரு பையனுக்காவது பல்வலி வரக்கூடாதா? ஒரு பெண்ணாவது அக்கா கல்யாணத்துக்கு லீவு கேட்கக்கூடாதா? அப்படிச் சொந்தக் காரணத்தோடு எழுதிய பிள்ளைக்கு, இலக்கணம் கோணலாக இருந்தாலும், நான் கூடுதலாகத்தான் போட்டிருக்கிறேன். பரீட்சைத் தாள் முழுக்க எழுத்து. பேச்சுக்கு அதில் மதிப்பெண் இல்லை. அதனால் பேச்சை யாரும் சொல்லித்தர வேண்டாம் என்று ஆகிவிட்டது. இதைப் பற்றி ஆங்கில ஆசிரியர் தம்பியோடு தனியாகச் சண்டை போட்டுக்கொள்கிறேன். நல்ல பிள்ளை, கோபித்துக்கொள்ள மாட்டார்.

அகராதி என்று சொல்லும்போதே எனக்கு வேறொன்று வந்துவிடுகிறது. தெரிந்தவர்கள் சிரிக்கிறீர்கள். ஆமாம், படிப்பகம்தான்.

பாடப்புத்தகம் ஒன்றை மட்டும் படித்து எந்தப் பிள்ளைக்கும் ஆங்கிலம் வந்ததில்லை. படம் போட்ட சின்னக் கதைப் புத்தகம், பழைய ஆங்கிலச் செய்தித்தாள், கிரிக்கெட் பக்கம், எதுவானாலும் வேண்டும். அதைப் பள்ளி விட்டபின் உட்கார்ந்து உரக்கப் படிக்க ஓர் இடமும் வேண்டும். சீர்காழிக்காரர் ரங்கநாதன் பாடுபட்டு, 1948-ல் சென்னை மாகாணத்துக்கு நூலகச் சட்டம் வந்தது. சுதந்திர இந்தியாவின் முதல் நூலகச் சட்டம் அதுதான். இன்றைக்கும் நீங்கள் கட்டும் வீட்டு வரியில் ரூபாய்க்கு 10 காசு நூலக வரி சேர்ந்தே போகிறது. ரசீதை எடுத்துப் பாருங்கள். வரி கட்டுகிற நம் ஊரில், சாயங்காலம் பிள்ளைகள் உட்காரும் இடம் பஸ் ஸ்டாப்பும் செல்போன் கடை வாசலும்.

புத்தகம் சேர்ப்பதில் நம் மண்ணுக்கு யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. கோட்டையூரில் ரோஜா முத்தையா என்ற ஒரு தனி மனிதர் காலமெல்லாம் சேர்த்த புத்தகமும் பத்திரிகையும் துண்டறிக்கையுமாக ஒரு லட்சம் அளவில் இருக்கும். 1992-ல் அவர் காலமானார். சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கி, 1994-ல் சென்னையில் அவர் பெயரிலேயே ஆராய்ச்சி நூலகம் அமைத்தது. நல்ல காரியம். ஆனால் சென்னைக்குப் போய்ப் படிக்கிற வயசா நம் எட்டாம் வகுப்புக்கு?

ஔவைப் பாட்டியின் அந்தப் பாட்டு நாப்பழக்கத்தோடு முடியவில்லை. நட்பும் தகையும் கொடையும் பிறவிக்குணம் என்று முடித்தாள். கொடை நமக்குப் பிறவிக்குணம் என்று நாமே மேடைக்கு மேடை சொல்லிக்கொள்கிறோம். வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்துத்தான் காரைக்குடிக்கு மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் வந்தது. நான் ஏக்கர் கேட்கவில்லை. ஒரு முகப்பு, வீட்டின் வாசல் பக்கத்துக் கூடம், அதைத்தான் கேட்கிறேன்.

நம் ஊரில் எத்தனை வீடு பூட்டிக் கிடக்கிறது? கல்யாணத்துக்கும், முன்னோருக்குப் படைக்கும் படைப்புக்கும் திறப்பார்கள். மற்ற நாளெல்லாம் ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் வௌவால் எச்சம். உள்ளே இருக்கிற வளவு வேண்டாம், இரண்டாங்கட்டு வேண்டாம், பெட்டகசாலைப் பக்கம் ஒரு பிள்ளையும் வராது. முகப்பை மட்டும் சாயங்காலம் 5 மணியிலிருந்து 8 மணி வரைக்கும் திறந்து விடுங்கள். ஒரு விளக்கு, ஒரு மின்விசிறி, இரண்டு பெஞ்சு. வீட்டில் பங்குள்ள புள்ளிகளெல்லாம் ஒத்துக்கொள்ள வேண்டுமே என்று சொல்வீர்கள். எங்கள் வீட்டிலும் பங்கு நிறையத்தான். ஒருவர் சிங்கப்பூர், ஒருவர் கோவை, ஒருவருக்கு யாரோடும் பேச்சு வார்த்தை கிடையாது. அவரிடமும் பேசிக்கொண்டுதான் இருக்கிறேன்.

இதோ மணி அடித்துவிட்டார்கள். நாலாவது, ஐந்தாவது விஷயங்களை ஆங்கில ஆசிரியர் தம்பி வகுப்பில் சொல்லிக்கொள்வார்.

ஒன்றே ஒன்று, தலைமையாசிரியை அம்மா அவர்களே, அரை நிமிஷம். சம்மதக் கடிதத்தின் மாதிரியைத் தமிழிலேயே எழுதி, தேநீர் மேசைக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். திறக்கும் நேரம், சாவி யாரிடம், கரண்ட் பில் யார் கட்டுவது, சேதமானால் யார் பொறுப்பு, எல்லாம் அதில் இருக்கிறது. கரண்ட் பில்லை முன்னாள் மாணவர் சங்கம் கட்டும் என்று செயலாளர் வரும்போதே காரில் ஒத்துக்கொண்டார். இப்போது எல்லோர் முன்னாலும் தலையாட்டுகிறார், பார்த்துக்கொள்ளுங்கள். ஊரில் இருக்கும் புள்ளிகள் இன்றைக்கே கையெழுத்துப் போடலாம். வெளியூரில் இருப்பவர்களின் போன் நம்பரைக் கொடுத்தால் நானே பேசிக்கொள்கிறேன். கேசரி தீர்வதற்குள் வந்துவிடுங்கள். நன்றி, வணக்கம்.