வெள்ளவத்தையில் போட்ட புள்ளடி தியவன்னாவுக்குப் போகும் வழி

[காட்சி: கொழும்பு, வெள்ளவத்தை. காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கை. மதிலில் பாதி கிழிந்த தேர்தல் சுவரொட்டி. வேட்பாளரின் முகத்தைவிட அவருடைய இலக்கம்தான் பெரிதாகத் தெரிகிறது.]

வணக்கம். 2024 நவம்பர் 14, இலங்கையில் பொதுத் தேர்தல் நாள். வாக்களிப்பு நிலையத்துக்குப் போகும் வழியில் என் அம்மம்மா கேட்டார்: “பிள்ளை, இந்தமுறை ஒண்டு ரெண்டு போடுறதோ, புள்ளடி போடுறதோ?”

சிரிக்க வேண்டாம், நியாயமான கேள்வி. அதற்கு எட்டுக் கிழமைக்கு முன்னர்தான், செப்டெம்பர் 21ஆம் திகதி, ஜனாதிபதித் தேர்தல் நடந்தது. அதில் 1, 2, 3 என்று இலக்கம் எழுதலாம். பொதுத் தேர்தலில் புள்ளடி, அதாவது X அடையாளம். அது மட்டுமில்லை, எதற்காக இரண்டு தேர்தல் என்பதே பலருக்குத் தெளிவில்லை. ஒன்று நாட்டின் தலைவரைத் தெரிவு செய்ய, மற்றது தியவன்னா ஓயாவின் நடுவே இருக்கும் பாராளுமன்றத்தில் 225 பேரை உட்கார வைக்க.

[காட்சி: மாதிரி வாக்குச்சீட்டு. மேலே கட்சிப் பெயர்களும் சின்னங்களும், கீழே வரிசையாக இலக்கங்கள்.]

இந்தச் சீட்டைக் கொஞ்சம் கிட்டப் பாருங்கள். வேட்பாளரின் பெயர் எங்காவது இருக்கிறதா? இல்லை. கட்சி, சின்னம், இலக்கம், அவ்வளவுதான். மதிலில் இலக்கம் அத்தனை பெரிதாக இருந்ததற்கு இதுதான் காரணம். முதலில் கட்சிக்கு ஒரு புள்ளடி. பிறகு அதே கட்சியில் உங்களுக்குப் பிடித்த மூன்று பேருக்கு மேற்படாமல் அவர்களின் இலக்கத்தில் புள்ளடி. இதுதான் விருப்பு வாக்கு. கட்சியை விட்டுவிட்டு இலக்கத்தில் மட்டும் போட்டால் அந்தச் சீட்டு எண்ணப்படாது. இலக்கம் எந்தக் கட்சிக்காரருடையது என்று யாருக்குத் தெரியும்?

கட்சிப் புள்ளடி எத்தனை ஆசனம் என்பதை முடிவு செய்யும். அந்த ஆசனத்தில் யார் உட்காருவது என்பதை விருப்பு வாக்கு முடிவு செய்யும். அதனால்தான் தேர்தல் காலத்தில் ஒரே கட்சிக்காரர்களே ஒருவர் சுவரொட்டியை மற்றவர் கிழிக்கிறார்கள்.

சரி, கணக்குக்கு வருவோம். 2024இல் கொழும்பு மாவட்டத்துக்கு 18 ஆசனங்கள். கணக்குப் புரிவதற்காக நானே சில இலக்கங்களை எடுத்துக்கொள்கிறேன். செல்லுபடியான வாக்குகள் 9 இலட்சம். மாவட்டத்தில் 5 சதவீதம்கூட எடுக்காத கட்சிகளை முதலில் கழித்துவிடுவார்கள். அவை எல்லாம் சேர்ந்து 50,000 என்று வையுங்கள். மீதி எட்டரை இலட்சம்.

[திரையில்: 8,50,000 ÷ 17 = 50,000]

ஏன் 18ஆல் வகுக்கவில்லை? அதிக வாக்கு எடுத்த கட்சிக்கு ஓர் ஆசனத்தைப் போனஸாக முதலிலேயே எடுத்து வைத்தாயிற்று. ஆக ஓர் ஆசனத்தின் விலை 50,000 வாக்கு. முதற்கட்சி 4,45,000 எடுத்தால் 8 ஆசனம், கையில் மிச்சம் 45,000. இரண்டாவது கட்சி 2,85,000: 5 ஆசனம், மிச்சம் 35,000. மூன்றாவது 1,20,000: 2 ஆசனம், மிச்சம் 20,000. கூட்டினால் 15. மிச்சமுள்ள 2 ஆசனமும் மிச்ச வாக்கு அதிகமாக வைத்திருக்கும் முதல் இரண்டு கட்சிக்கும் போகும். போனஸையும் சேர்த்தால் 10, 6, 2.

அந்த 5 சதவீத வெட்டுப்புள்ளி ஆரம்பத்தில் 12.5 சதவீதமாக இருந்தது. 1988இல், அரசியலமைப்பின் 15ஆவது திருத்தத்தில்தான் இறக்கினார்கள். கொழும்பு போல தமிழரும் முஸ்லிம்களும் கலந்து வாழும் மாவட்டங்களில் சிறு கட்சி ஒன்று தனித்துக் கேட்டு வெல்லலாம் என்ற நிலை அதனால்தான் வந்தது. என்னைக் கேட்டால், இந்த முறையில் நடந்த திருத்தங்களில் நமக்கு அதிகம் உதவியது இதுதான்.

22 மாவட்டங்களில் இப்படி 196 பேர். மற்ற 29 பேர்? அவர்கள் தேசியப்பட்டியல். நாடு முழுவதும் கட்சி எடுத்த வாக்கு விகிதப்படி அது பகிரப்படும். தேர்தலில் கேட்டுத் தோற்றவரைக்கூட கட்சி இதன் வழியாக உள்ளே அனுப்பலாம்.

[காட்சி: பாராளுமன்றச் செப்புக் கூரை, சுற்றிலும் நீர்.]

இந்தச் சின்னக் கதவு எவ்வளவு பெரிதாகத் திறக்கும் என்று பாருங்கள். 2020 பொதுத் தேர்தலில் ஐக்கிய தேசியக் கட்சி ஒரு மாவட்டத்தில்கூட ஆசனம் எடுக்கவில்லை. கொழும்பில் கேட்ட கட்சித் தலைவர் ரணில் விக்கிரமசிங்கவும் தோற்றார். நாடு முழுவதும் கிடைத்த சுமார் இரண்டரை இலட்சம் வாக்குக்கு ஒரே ஒரு தேசியப்பட்டியல் ஆசனம். 2021 ஜூனில் அதில் அவர் போய் உட்கார்ந்தார். 2022 மே மாதம் பிரதமர். ஜூலையில் கோட்டாபய ராஜபக்ச பதவி விலகியதும் ஜனாதிபதி!

சட்டப்படிதான் எல்லாம் நடந்தது. ஜனாதிபதி இடையில் விலகினால் மீதிக் காலத்துக்கு மக்களிடம் வரமாட்டார்கள். பாராளுமன்றமே தன் உறுப்பினர் ஒருவரை இரகசிய வாக்கெடுப்பில் தெரிவு செய்யும். 2022 ஜூலை 20இல் ரணிலுக்கு 134, டலஸ் அழகப்பெருமவுக்கு 82, அநுர குமார திசாநாயக்கவுக்கு 3. நான்கு உறுப்பினர்களின் சீட்டு செல்லுபடியாகவில்லை. சட்டம் இயற்றுகிறவர்களே பிழையாகப் போடும்போது என் அம்மம்மாவை ஏன் குறை சொல்வான்!

அப்போ பிரதமர் யார்? பாடப்புத்தகத்துப் பாராளுமன்ற முறையில் அரசாங்கத்தின் தலைவர் அவர்தான். 1978 வரைக்கும் இங்கேயும் அப்படித்தான். இப்போது அமைச்சரவைக்கும் தலைவர் ஜனாதிபதியே. பாராளுமன்றத்தின் நம்பிக்கை யாருக்கு அதிகம் இருக்கும் என்று ஜனாதிபதி கருதுகிறாரோ, அந்த உறுப்பினர் பிரதமர். வரவு செலவுத் திட்டத்தைப் பாராளுமன்றம் தோற்கடித்தால் அமைச்சரவை கலையும், ஜனாதிபதி கலையமாட்டார். அவரை இறக்க மூன்றில் இரண்டு வாக்கும் உயர் நீதிமன்ற விசாரணையும் வேண்டும்.

அதற்காக ஜனாதிபதி நினைத்ததெல்லாம் செய்யலாம் என்றும் இல்லை. 2018 ஒக்டோபரில் அப்போதைய ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன பிரதமரை மாற்றினார், அடுத்த மாதம் பாராளுமன்றத்தையே கலைத்தார். டிசம்பர் 13இல் உயர் நீதிமன்றம் அந்தக் கலைப்புச் செல்லாது என்றது. பழைய பிரதமரே திரும்பி வந்தார்.

[காட்சி: ஜனாதிபதித் தேர்தல் மாதிரிச் சீட்டு. ஒரு பெயருக்கு எதிரே 1, இன்னொன்றுக்கு 2, இன்னொன்றுக்கு 3.]

இனி செப்டெம்பருக்குத் திரும்புவோம். ஜனாதிபதியாக வேண்டுமென்றால் பாதிக்கு மேல் வாக்கு வேண்டும். 2022இல் பாராளுமன்றத்தில் 3 வாக்கு எடுத்த அதே அநுர குமார, 2024இல் மக்களிடம் 42.31 சதவீதம் எடுத்து முதலிடத்தில் நின்றார். பாதி இல்லை. எனவே இலங்கை வரலாற்றிலேயே முதன்முறையாக இரண்டாவது எண்ணிக்கை. அவரையும் இரண்டாவதாக வந்த சஜித் பிரேமதாசவையும் வைத்துக்கொண்டு மற்ற எல்லோரையும் நீக்கினார்கள். நீக்கப்பட்டவர்களின் சீட்டில் இந்த இருவரில் ஒருவருக்கு 2 அல்லது 3 இருந்தால் அதை அவருக்குச் சேர்த்தார்கள். வென்றவர் அநுர குமார. நவம்பரில் அவருடைய கட்சிக்குப் பாராளுமன்றத்தில் 159 ஆசனம்.

இதையெல்லாம் அன்று திரும்பி வரும் வழியில் அம்மம்மாவுக்குச் சொன்னேன். விரல் மையைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டே வந்தார். செப்டெம்பரில் அவர் ஒரே ஒரு புள்ளடி மட்டும் போட்டிருக்கிறார். அதுவும் செல்லும், முதல் விருப்பாக எடுப்பார்கள். யாருக்கு என்று மட்டும் இன்றுவரை சொல்லவில்லை.

“அவர் முதல் ரெண்டு பேருக்குள்ள வராட்டி?” என்றார்.

“உங்கட சீட்டு அதோட சரி, அம்மம்மா.”

கொஞ்ச நேரம் பேசாமல் நடந்தார். “அப்ப ரெண்டையும் போட்டிருக்கலாம்.”