யார் கொன்றது என்று ஊருக்கே தெரியும்

அனைவருக்கும் வணக்கம்.

இன்று நான் பேசப்போவது அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தில், சவானா ஆற்றை ஒட்டிய எட்ஜ்ஃபீல்டு என்ற நாட்டுப்புறக் கவுண்டியைப் பற்றி. கவுண்டி என்றால் நம் மாவட்டம் மாதிரி. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்த மண்ணின் செல்வம் பருத்தி. பருத்திக்குப் பின்னால் அடிமைகள். அடிதடிக்கும் கொலைக்கும் பேர்போன வட்டாரம் அது. 1856 மே 22 அன்று செனட் சபைக்குள்ளேயே புகுந்து, அடிமை முறையை எதிர்த்துப் பேசிய சார்லஸ் சம்னரைக் கைத்தடியால் மண்டை உடைய அடித்தாரே பிரஸ்டன் புரூக்ஸ், அவர் எட்ஜ்ஃபீல்டுக்காரர். சொந்த ஊரில் அவர் தலைகுனியவில்லை. பிரதிநிதிகள் சபை உறுப்பினர் பதவியை ராஜினாமா செய்தார், தொகுதி அவரையே திரும்பத் தேர்ந்தெடுத்தது. தடி உடைந்துபோனதால் ஆதரவாளர்கள் புதுத் தடி வாங்கி அனுப்பினார்கள்.

சரி, பெரிய மனிதர்களின் சண்டை செய்தித்தாளில் வந்துவிடும். சாதாரண மனிதர் சாராயக் கடை வாசலில் குத்துப்பட்டுச் செத்தால் அது எங்கே பதிவாகும்? கொரோனரின் காகிதத்தில். மரண விசாரணை அதிகாரியைத்தான் அங்கே கொரோனர் என்பார்கள். அவர் டாக்டராக இருக்க வேண்டியதில்லை, வக்கீலாகவும் இருக்க வேண்டியதில்லை. ஊர்க்காரர் ஒருவர், அவ்வளவுதான்.

இந்தப் பதவி 1194-இல் இங்கிலாந்தில் வந்தது. இறந்தவர்கள் மேல் இருந்த கரிசனம் காரணமில்லை. ஒருவர் கொலையாளி என்று தீர்ந்தால் அவருடைய சொத்து மன்னருக்குப் போகும். ஆளைக் கொன்ற மாட்டுவண்டிக்கும் விலை மதித்து அதையும் மன்னர் எடுத்துக்கொள்வார். கஜானாவுக்காக வந்த வேலை அது. கப்பலேறி அமெரிக்கா போனது. அதே ஆங்கிலேயச் சட்டத்தின் வாலைப் பிடித்து நம் ஊருக்கும் வந்தது. சந்தேக மரணம் என்றால் '174-இல் வழக்குப்பதிவு' என்று பேப்பரில் படித்திருப்பீர்களே, புதிய சட்டத்தில் அது 194 ஆகிவிட்டது, அதில் பஞ்சாயத்தார் கையெழுத்துப் போடும் பிரேத விசாரணை இதற்கு ஒன்றுவிட்ட தம்பிதான்.

எட்ஜ்ஃபீல்டு மாதிரி ஊரில் இது எப்படி நடக்கும் என்று பார்ப்போம். பிணம் கிடந்த இடத்துக்கே கொரோனர் வருவார். அக்கம்பக்கத்து ஆண்களை, பெரும்பாலும் நிலம் வைத்திருப்பவர்களை, ஒரு டஜன் பேர்போலக் கூட்டி ஜூரியாகச் சத்தியம் செய்ய வைப்பார். சட்டப்படி அவர்கள் சடலத்தைக் கண்ணால் பார்த்தாக வேண்டும். சட்டையை விலக்கி, காயம் எத்தனை அங்குலம், எவ்வளவு ஆழம் என்று பார்ப்பார்கள். டாக்டர் கிடைத்தால் அவரும் வருவார். அப்புறம் சாட்சிகள். கடைசியில் இறந்தவர் எப்போது, எங்கே, எப்படி, எந்த வழியில் செத்தார் என்று எழுதி எல்லோரும் கையெழுத்துப் போடுவார்கள். காகிதத்தில் வாசகம் ஏற்கெனவே தயார். கொலை என்றால், கொன்றவன் 'கடவுள் பயம் கண்முன் இல்லாமல், சாத்தானின் தூண்டுதலுக்கு ஆட்பட்டு' அதைச் செய்தான் என்று எழுத வேண்டும். காரணம் பிடிபடாத மரணம் என்றால் 'கடவுளின் வருகையால்'. இரண்டு பக்கமும் பரலோகத்துக்குப் பங்கு உண்டு.

இப்படிப்பட்ட விசாரணைகள் எல்லாமே கொலையைப் பற்றியவை இல்லை. ஆற்றில் மூழ்கியவர்கள், அடுப்பு நெருப்பில் கருகிய குழந்தைகள், குடித்துவிட்டு வழியில் விழுந்து செத்தவர்கள், தூக்குப் போட்டுக்கொண்டவர்கள் எல்லோரும் இதற்குள் வந்துபோகிறார்கள். ஏழை எளியவர் ஒருவரின் கடைசி நாள் மணிவாரியாக எழுதப்பட்டிருக்கும் இடம் பல நேரம் இது ஒன்றுதான்.

நான் கவனிக்கச் சொல்வது ஜூரியைத்தான். இவர்கள் வெளியூர் ஆட்கள் இல்லை. செத்தவனையும் தெரியும், அடித்தவனையும் தெரியும், இருவருக்கும் என்ன தகராறு என்பதும் தெரியும். தெரிந்ததை எழுதுவதா வேண்டாமா என்பதுதான் அவர்கள் முன்னால் இருந்த கேள்வி.

அடிமை ஒருவர் செத்துக் கிடந்தால் இந்தக் கேள்வி இன்னும் பட்டவர்த்தனம். தென் கரோலினாவின் 1740-ஆம் வருடச் சட்டப்படி, அடிமையை வேண்டுமென்றே கொன்றால் தண்டனை 700 பவுண்டு அபராதம். ஆத்திரத்தில் அடித்தோ, திருத்துகிறேன் என்று சவுக்கால் அடித்தோ கொன்றால் பாதி, 350. பக்கத்தில் வேறு வெள்ளையர் யாரும் இல்லை என்றால், 'நான் குற்றமற்றவன்' என்று முதலாளி தானே சத்தியம் செய்து தப்பித்துக்கொள்ளவும் வழி இருந்தது. பார்த்த சாட்சிகளோ மற்ற அடிமைகள், வெள்ளையருக்கு எதிராக அவர்கள் சொல் கோர்ட்டில் ஏறாது. 1821-இல்தான் அடிமையைக் கொலை செய்தால் மரண தண்டனை என்று மாற்றினார்கள். அதிலும் திடீர் ஆத்திரம் என்றால் 500 டாலருக்கு மிகாமல் அபராதம், ஆறு மாதத்துக்கு மிகாமல் ஜெயில். தோட்ட முதலாளிகளே ஜூரியாக நிற்கும்போது எந்த ஆத்திரம் திடீர் ஆத்திரம் ஆகாது, சொல்லுங்கள்?

அடிமை முறை ஒழிந்த பிறகு, கறுப்பின ஆண்களுக்கு ஓட்டு வந்தது, ஜூரியில் உட்காரும் உரிமை வந்தது. 1871-இல் எட்ஜ்ஃபீல்டிலிருந்தும் பக்கத்துக் கவுண்டிகளிலிருந்தும் பிய்த்தெடுத்து எய்க்கன் என்ற புதுக் கவுண்டியை உண்டாக்கினார்கள். அதை உண்டாக்கியவர்களில் ஒருவர் பிரின்ஸ் ரிவர்ஸ். அடிமையாகப் பிறந்தவர், வண்டியோட்டி. உள்நாட்டுப் போரில் வடக்குப் படையில் சேர்ந்து சார்ஜென்ட் ஆனார், போருக்குப் பிறகு சட்டமன்ற உறுப்பினர், அப்புறம் அதே கவுண்டியில் ஹாம்பர்க் என்ற ஊரில் மாஜிஸ்திரேட்.

1876 ஜூலை 4, அமெரிக்கச் சுதந்திரத்தின் நூறாவது வருடம். ஹாம்பர்க் தெருவில் கறுப்பினத்தவரின் ஊர்க்காவல் படை அணிவகுத்துப் போய்க்கொண்டிருந்தது. எதிரே வண்டியில் வந்த இரண்டு வெள்ளை இளைஞர்கள் வழிவிடச் சொன்னார்கள். வாக்குவாதத்துக்குப் பிறகு படை விலகி வழிவிட்டது, வண்டியும் போய்விட்டது. முடிந்துபோக வேண்டிய விஷயம். ஆனால் இளைஞர்கள் தரப்பில் ரிவர்ஸிடம் புகார் கொடுத்தார்கள். 8-ஆம் தேதி விசாரணைக்கு வக்கீலாக வந்த மேத்யூ பட்லருக்குப் பின்னால் ஆயுதத்தோடு நூற்றுக்கணக்கான வெள்ளையர். படையின் துப்பாக்கிகளை ஒப்படை என்றார் பட்லர். படை மறுத்துக் கட்டடத்துக்குள் போனது. சண்டையில் மெக்கீ மெரிவெதர் என்ற வெள்ளை இளைஞர் செத்தார். உடனே ஆற்றுக்கு அந்தப் பக்கம் அகஸ்டாவிலிருந்து பீரங்கி வந்தது. ஊர்க் காவலர் ஜேம்ஸ் குக் கொல்லப்பட்டார். பிடிபட்டவர்களை இரவில் உட்கார வைத்து, சிலரை மட்டும் பெயர் சொல்லி ஒவ்வொருவராக வெளியே கூப்பிட்டுச் சுட்டார்கள். மொத்தம் ஆறு கறுப்பினத்தவர் செத்தார்கள்.

பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள் என்பதை மனதில் வையுங்கள். கொன்றவர்களுக்குச் செத்தவர்களைத் தெரியும். உயிர் தப்பியவர்களுக்கும் கொன்றவர்களைத் தெரியும்.

ரிவர்ஸ் கொரோனர் பொறுப்பையும் ஏற்று விசாரணை நடத்தினார். தப்பியவர்கள் வந்து சாட்சி சொன்னார்கள், இந்த முறை அவர்கள் சொல் ஏறியது. அந்த ஜூரி 80-க்கும் மேற்பட்ட வெள்ளையர்களைப் பெயர் சொல்லிக் குற்றம் சாட்டியது. பட்லர் பெயர் உண்டு. எட்ஜ்ஃபீல்டு விவசாயி பென் டில்மன் பெயரும் உண்டு. அந்த வட்டாரத்தில் ஜூரி தனக்குத் தெரிந்ததை இவ்வளவு முழுசாக எழுதிய விசாரணை வேறொன்று என் கண்ணில் பட்டதில்லை.

என்ன நடந்தது? குற்றம் சாட்டப்பட்டவர்கள் எய்க்கன் கோர்ட்டுக்கு ஊர்வலமாகப் போனார்கள். சாதாரண உடையில் இல்லை, ரத்தக்கறை போலச் சிவப்புச் சாயம் பூசிய சட்டைகளில். கேலிக்குத்தான். இதைப் பல வருடம் கழித்து மேடையில் பெருமையாகச் சொன்னவர் டில்மனே. எல்லோரும் ஜாமீனில் வெளியே வந்தார்கள், வழக்கு தேர்தலுக்குப் பின் என்று தள்ளிப்போனது, தேர்தலில் அவர்கள் கட்சி ஆட்சியைப் பிடித்தது. ஒருவரும் தண்டிக்கப்படவில்லை. பட்லர் 1877-இல் செனட்டர் ஆனார். ரிவர்ஸ் திரும்ப வண்டியோட்டப் போனார், 1887-இல் இறந்தார்.

அதற்குப் பிறகு வந்த கும்பல் கொலைகளில் கொரோனர் காகிதம் வேறு பாஷை பேசியது. தெற்கு முழுக்க ஒரே வாசகம்: 'ஜூரிக்குத் தெரியாத நபர்களின் கையால் மரணம்.' பட்டப்பகலில், முகமூடி இல்லாமல், நூறு பேர் பார்க்க நடந்த கொலைக்கும் அதே வாசகம். கூட்டத்தில் நின்றவனே மறுநாள் ஜூரியில் நிற்கலாம், எழுதுவதில் அவனுக்கு என்ன சிரமம்?

1895-இல் தென் கரோலினா புதிய அரசியலமைப்பு எழுதியது. முன்னின்று நடத்தியவர், இரண்டு முறை கவர்னராக இருந்து செனட்டராகியிருந்த அதே பென் டில்மன். அதில் ஒரு பிரிவைப் படித்தால் ஆச்சரியமாக இருக்கும்: கும்பல் கொலை நடந்த கவுண்டி, அதிகாரிகள் எப்படி நடந்துகொண்டார்கள் என்பதைப் பார்க்காமலே, செத்தவரின் வாரிசுக்கு 2,000 டாலருக்குக் குறையாத தொகையைக் கொடுக்க வேண்டும். நல்ல சட்டம்போலத்தான் தெரிகிறது. ஆனால் பாருங்கள், பணம் கவுண்டியின் பொதுப் பையிலிருந்து போகிறது, கொன்றவனின் பெயரை யாரும் உச்சரிக்க வேண்டியதில்லை. அதே அரசியலமைப்பு எழுத்தறிவுச் சோதனை, சொத்து, தலைவரி என்று வைத்துக் கறுப்பினத்தவரின் ஓட்டைப் பறித்தது. ஓட்டுரிமை உள்ளவர்தான் ஜூரியில் உட்காரலாம் என்றும் எழுதியது. ரிவர்ஸ் கூட்டியதுபோன்ற ஜூரியை இனி யாரும் கூட்ட முடியாது.