முழுக் கிட்னியையும் எடுக்கத்தான் வேணுமா?

(மட்டக்களப்பில் பொதுமக்களுக்கான சுகாதாரக் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, தாய்மாரே, தம்பி தங்கையரே! வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும்.

வயிற்று வலிக்கென்று ஸ்கேன் எடுக்கப்போய், கிட்னியில் கட்டி என்ற ரிப்போர்ட்டோடு வீடு திரும்புகிறவர்கள் பலர். இந்தக் கட்டிகளில் பாதிக்கு மேல் இப்படித் தற்செயலாகத்தான் அகப்படுகின்றன. உடனே வீட்டில் ஒரு பேச்சு எழும்: “ரெண்டு கிட்னி இருக்குத்தானே, ஒண்டை முழுசா எடுத்துப் போட்டா நிம்மதி.” அந்த அவசரத்தைத்தான் நான் தடுக்க வந்திருக்கிறேன். கட்டியுள்ள பகுதியை மட்டும் எடுத்து, மிச்சக் கிட்னியைக் காப்பாற்றும் வழியும் இருக்கிறது.

2006இல் நியூயோர்க் வைத்தியர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 4 சென்ரிமீற்றருக்கு மேற்படாத கட்டி, இரண்டு கிட்னி, கிட்னியின் வேலையைப் பார்க்கும் இரத்தப் பரிசோதனையான கிரியட்டினின் சரியான அளவு. அப்படி 662 பேர். அவர்களிலேயே 26 சதவீதத்தினருக்கு ஒப்பரேஷனுக்கு முன்னமே கிட்னியின் வேலை குறைந்திருந்தது! கிரியட்டினின் அதைக் காட்டிக்கொடுக்கவில்லை. மூன்று வருடத்தில், முழுக் கிட்னியை இழந்தவர்களில் சுமார் 65 சதவீதத்தினருக்குப் கிட்னி இரத்தத்தை வடிகட்டும் திறன் புதிதாக நிமிடத்துக்கு 60 மில்லிலீற்றருக்குக் கீழே, அதாவது கிட்னி நோய் என்று கொள்ளும் அளவுக்கு, இறங்கியது. கட்டியை மட்டும் எடுத்தவர்களில் அது 20 சதவீதம்தான்.

நம் ஊர்களில் சீனி வருத்தமோ பிரஷரோ இல்லாத வீடு எது? அம்பாறை மாவட்டத்தில் மகாஓயா, தெஹியத்தகண்டிப் பக்கம் காரணம் தெரியாத கிட்னி நோய் வேறு. இங்கே மிஞ்சும் கிட்னியை நம்பி இருப்பது லேசான விசயமல்ல.

கட்டி வெளியே துருத்திக்கொண்டிருந்தால் வேலை சுகம். உள்ளே புதைந்து, இரத்தக் குழாய்கள் நுழையும் வாசலை ஒட்டி இருந்தால்தான் சிக்கல். பருமன், ஆழம், சிறுநீர்ப் பாதைக்கு எவ்வளவு கிட்ட என்றெல்லாம் பார்த்து 4 முதல் 12 வரை புள்ளி போடும் முறை 2009இல் வந்தது. 10 அல்லது அதற்கு மேல் என்றால் மிகக் கடினம்.

அப்படி உள்ளே புதைந்த கட்டியை எடுக்கும்போது, வயலுக்குப் போகும் துருசை அடைப்பதுபோல, கிட்னிக்குப் போகும் நாடியைச் சிறு கவ்வியால் அடைப்பார்கள். அந்தக் கணத்திலிருந்து மணிக்கூடு ஓடும். வழமையான கணக்கு 25 நிமிடம். கூடுதல் நேரம் தேவைப்பட்டால் கிட்னியைச் சுற்றி ஐஸ் துகளை நிரப்புவார்கள். வெளியிலிருந்து பார்த்தால் கட்டி தெரியாது. ஸ்கேன் கருவியைக் கிட்னியின் மேலேயே வைத்து, எல்லையைக் குறித்து வெட்டுவார்கள். பிறகு திறந்துபோன சிறுநீர்ப் பாதையை ஒரு தையலும், சதையை இன்னொரு தையலுமாக மூடி, கவ்வியைத் தளர்த்துவார்கள். நிமிடக் கணக்கை விட, எவ்வளவு நல்ல சதை மிஞ்சியது என்பதே பிற்காலத்துக்கு முக்கியம் என்று இப்போது அறிந்திருக்கிறோம்.

ஆபத்தையும் சொல்லியே ஆகவேண்டும். 541 பேரை வைத்து ஐரோப்பாவில் நடந்த பரிசோதனையில், பகுதி மட்டும் எடுத்தவர்களில் 3.1 சதவீதத்தினருக்குக் கடும் இரத்தப்போக்கு, 4.4 சதவீதத்தினருக்குச் சிறுநீர்க் கசிவு. முழுதாய் எடுத்தவர்களுக்கு இரத்தப்போக்கு 1.2 சதவீதம், கசிவு இல்லை. ஆழமான கட்டிகளில் இந்த ஆபத்து இன்னும் கூடும். 2011இல் வந்த அதன் நீண்டகால முடிவிலும், பகுதி எடுத்தவர்கள் கூடுதல் காலம் வாழ்ந்ததாகத் தெரியவில்லை. ஆகவே கட்டி சிக்கலானதாய், மற்றக் கிட்னி நல்ல திடமாய், வேறு வருத்தம் இல்லாமல் இருந்தால் முழுதாய் எடுப்பதும் நியாயமான முடிவுதான். ஒரே கிட்னி உள்ளவர், இரண்டிலும் கட்டி உள்ளவர், கிட்னி பழுதாவதன் அறிகுறியாகச் சிறுநீரில் புரதம் போகிறவர் ஆகியோருக்கு எவ்வளவு பாடுபட்டாவது காப்பாற்றப் பார்க்கவேண்டும்.

நிபுணரைப் பார்க்கப் போகும்போது ரிப்போர்ட் கடதாசி மட்டும் போதாது. ஸ்கேன் படங்கள் உள்ள சீடியையும் கொண்டுபோங்கள். கிரியட்டினின் மட்டுமல்ல, வடிகட்டும் திறன் எவ்வளவு என்று கேளுங்கள். சிறுநீரில் புரதம் பார்க்கச் சொல்லுங்கள். “பகுதியை மட்டும் எடுக்க ஏலுமா, ஏலாதென்றால் ஏன்?” என்று வாய்விட்டுக் கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவல்ல. எந்த ஒப்பரேஷன் நடந்தாலும், வீடு வந்தபின் வைத்தியரிடம் கேட்காமல் பாமசியில் நோக்குளிசை வாங்கி விழுங்காதீர்கள்; சொன்ன தவணைக்கு ஸ்கேனுக்குப் போங்கள்.